சிரிப்பு சோறு போடுமா?

காரைக்குடிக்கு அருகில் உள்ள அரியக்குடியைத் தென் திருப்பதி என்று சொல்லுவார்கள். திருவேங்கடமுடையான் கோயிலும், சங்கீத உலகம் ஊர்ப் பெயராலேயே அழைத்த ராமாநுஜ ஐயங்காரும் அவ்வூரின் இரு பெருமைகள். அங்கே ஒரு வீட்டுப் பிள்ளை, "அப்பா! நான் ஹாஸ்யக் காட்சிகளைப் படம் பிடித்து யூடியூபில் வெளியிடப் போகிறேன். கலைகளைப் பற்றிக் கட்டுரையும் எழுதப் போகிறேன். இதுவே என் தொழில்" என்று சொன்னால் தகப்பனார் என்ன சொல்வார்? "சிரிப்பு சோறு போடுமா, தம்பி?" என்றுதான் கேட்பார். கேள்வி நியாயமானதே. செட்டிநாட்டில் பேரேட்டைப் புரட்டாமல் எந்த முடிவும் செய்வதில்லை அல்லவா? நாமும் பழைய கணக்குகளைச் சற்றுப் புரட்டுவோம்.

காரைக்குடியில் 1907-ஆம் வருஷம் பிறந்தவர் ஏ. வி. மெய்யப்பன். கிராமபோன் தட்டு வியாபாரத்திலிருந்து சினிமாவுக்கு வந்தவர். 1935-இல் எடுத்த 'அல்லி அர்ஜுனா' நஷ்டம். அடுத்து வந்த 'ரத்னாவளி'யும் கைகொடுக்கவில்லை. 1941-இல் பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்தைத் தழுவி 'சபாபதி' என்ற படத்தை வெளியிட்டார். அசட்டு எஜமானனாக டி. ஆர். ராமச்சந்திரனும், அவனையும் மிஞ்சிய அசட்டு வேலைக்காரனாகக் காளி என். ரத்தினமும் தோன்றினார்கள். தமிழ்நாடு வயிறு குலுங்கச் சிரித்தது. பிறகு காரைக்குடியிலேயே ஸ்டூடியோ அமைத்து அவர் எடுத்த 'நாம் இருவர்' 1947-இல் வெளிவந்தது. சிரிப்பு சோறு போட்டதுதான். ஆனால் இலை போட்டு ஆறு வருஷங்கள் கழித்தே பரிமாறியது!

எழுத்தின் கணக்கைக் கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தியிடம் பார்க்கலாம். ஒத்துழையாமை இயக்கத்துக்காக 1921-இல் படிப்பை உதறியவர் அவர். பட்டமும் இல்லை, உத்தியோகமும் இல்லை, கிடைத்தது சிறைவாசம். திரு. வி. க.வின் 'நவசக்தி'யில் தொழில் பழகி, பின்னர் 'ஆனந்த விகட'னில் ஹாஸ்யத்தையே தம் கைவாளாகக் கொண்டார். 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் அவர் எழுதிய 'ஆடல் பாடல்' பகுதியைப் படித்து, சங்கீதம் அறியாதவர்களும் கச்சேரிக்குப் போனார்கள். வித்வான்களைக் கேலி செய்தார். ஆனால் அந்தக் கேலிக்குப் பின்னே நல்ல காது ஒன்று இருந்தது. 1939-இல் அவருடைய 'தியாக பூமி' சினிமாவாகவும், அதே படத்தின் காட்சிகளுடன் தொடர்கதையாகவும் வந்தது. பிரிட்டிஷ் சர்க்கார் படத்துக்குத் தடை விதித்தது. 1941-இல் அவர் விகடனை விட்டு விலகி, நண்பர் சதாசிவத்துடன் 'கல்கி'யைத் தொடங்கியபோது வாசகர்களும் பின்னோடு வந்துவிட்டார்கள். அவர் சேர்த்த ஆஸ்தி அதுதான்.

மூன்றாவது பாடம் அரியக்குடியிலேயே இருக்கிறது. ராமாநுஜ ஐயங்கார் ராமநாதபுரம் பூச்சி சீனிவாச ஐயங்காரிடம் குருகுலவாசம் செய்தவர். முதலில் வர்ணம், பிறகு விறுவிறுப்பான கீர்த்தனங்கள், நடுவே விஸ்தாரம், முடிவில் துக்கடாக்கள் என்று கச்சேரிக்கு ஓர் ஒழுங்கை நிலைநிறுத்தினார். வித்தை அவரிடம் நிறைய இருந்தது. அத்தனையையும் ஒரே இடத்தில் கொட்டாமல் ரஸிகர்களின் பொறுமையை அளந்து கொடுத்தார். ஒரு விநாடி அலுத்தால் விரலால் தள்ளிவிட்டுப் போகும் இன்றைய ரஸிகர்களுக்குப் படம் எடுப்பவன், இந்த அளவைத்தான் முதலில் கற்க வேண்டும்.

இன்று ஸ்டூடியோ வேண்டாம், கைப்பேசி போதும். விளம்பர வருமானத்தில் பங்கும் கிடைக்கிறது. ஆனால் பங்கின் விதியை வகுப்பது கம்பெனி. நாளை அதை மாற்றுவதும் கம்பெனியே. அந்த வருமானத்தை மட்டும் நம்பி வேலையை விடுவது, பிறர் திண்ணையில் கடை விரிப்பதற்குச் சமம். தம் பெயரைத் தேடி வருகிற வாசகர்களைச் சம்பாதித்தவனுக்கே சொந்தக் கடை உண்டு. அதற்கு வாரந்தவறாத உழைப்பு வேண்டும். கேலி செய்யும் கலையைத் தானே கற்றிருக்கவும் வேண்டும்.

ஆகவே, தகப்பனார்களே! பிள்ளையைத் தடுக்க வேண்டாம். உடனே வேலையை விடவும் சொல்ல வேண்டாம். மெய்யப்பனுக்கு ஆறு வருஷம் ஆயிற்று. நம் பிள்ளைக்கு இரண்டு வருஷமாவது தவணை கொடுங்கள். அதற்குள் நீங்கள் ஒரு தடவையாவது உங்களை மறந்து சிரித்துவிட்டால், முதல் வரவை அவன் பெயரில் தாராளமாக எழுதலாம்!