இழுப்புள்ள பிள்ளைகளும் கொரோனாவும்

இழுப்பு நோய் கொழும்புத் தமிழ்க் குடும்பங்களுக்குப் புதியதன்று. வெள்ளவத்தையின் மாடி வீடுகளிலும் கொட்டாஞ்சேனையின் நெருங்கிய ஒழுங்கைகளிலும், இரவில் எழுந்து உட்கார்ந்து மூச்சுக்குத் திணறும் பிள்ளைகளை நாம் அறிவோம். ஆகவே, சுவாசப்பையைத் தாக்கும் கொரோனா 2020ஆம் ஆண்டில் நமது நாட்டிற் பரவியபோது, இப்பிள்ளைகளைப் பெற்றோர் கலங்கியதில் வியப்பில்லை. அவ்வாண்டு ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தைத் தொற்றைத் தொடர்ந்து வட கொழும்புப் பகுதிகள் முடக்கப்பட்டபோது, அக்கலக்கம் இன்னும் மிகுந்தது.

அந்த அச்சம் எவ்வளவு தூரம் நியாயமானது? இவ்வினாவுக்குத் தெளிவான விடை தந்தது, ஸ்கொட்லாந்தில் 5 முதல் 17 வயது வரையிலான ஏறக்குறைய ஏழரை இலட்சம் பிள்ளைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2021ஆம் ஆண்டின் இறுதியில் வெளியான ஓர் ஆய்வு. இப்பிள்ளைகளுள் 63,463 பேருக்கு இழுப்பு நோய் இருந்தது. இவர்களிற் கொரோனாத் தொற்று உறுதியானவர்கள் 4,339 பேர். வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டவர்கள் 67 பேர் மட்டுமே. அதாவது, நூற்றுக்கு ஒன்றரைப் பேர். இழுப்பில்லாத பிள்ளைகளிலோ நூற்றுக்கு ஏறக்குறைய ஒருவர். வேறுபாடு உண்டு, ஆயினும் அது நாம் அஞ்சிய அளவினதன்று.

ஆனால், அதே ஆய்வு வேறொன்றையும் காட்டிற்று. அதற்கு முந்திய இரண்டு ஆண்டுகளுள் இழுப்பின் காரணமாக வைத்தியசாலையிற் கிடந்த பிள்ளைகளுக்கு, கொரோனாவினால் அனுமதிக்கப்படும் ஆபத்து, இழுப்பில்லாதவர்களைவிட ஆறு மடங்குக்கும் அதிகமாக இருந்தது. நோய் கட்டுப்பாட்டில் இருந்த பிள்ளைகளுக்கோ ஆபத்துச் சிறிதளவே கூடியிருந்தது. ஆகவே, பெற்றோர் அஞ்சவேண்டியது இழுப்பு என்னும் பெயருக்கன்று; கவனியாது விடப்பட்ட இழுப்புக்கேயாகும்.

நம்மவரிடையே காணப்படும் தவறான எண்ணம் ஒன்றை இங்கே குறிப்பிடல் வேண்டும். பிள்ளை நன்றாக இருக்கும்போது மருந்து எதற்கு என்று நிறுத்திவிடுவோர் பலர். இழுப்புக்கான இன்ஹேலர்கள் இருவகைப்படும். ஒன்று, மூச்சுத் திணறும் வேளையில் உடனே சுகந்தருவது. மற்றையது, சுவாசக் குழாய்களின் உள்வீக்கத்தை நாள்தோறும் சிறிது சிறிதாகத் தணித்து, இழுப்பு வராமலே தடுப்பது. இரண்டாவது மருந்தின் பயன், பிள்ளை சுகமாக இருக்கும் நாட்களிலும் அதனைத் தொடர்வதிலேயே தங்கியுள்ளது. அதில் ஸ்டீரொயிட் உண்டென்று அஞ்சி, வைத்தியரைக் கேளாது நிறுத்துவது கூடாது. சுவாசக் குழாய்க்கு நேரே செல்வதாற் சிறிதளவு மருந்தே போதுமாகிறது. சிறு பிள்ளைகளுக்கு ஸ்பேசர் என்னும் குழலைப் பொருத்திக் கொடுத்தால், மருந்து வாயிலே தங்காது உள்ளே செல்லும்.

வீட்டிலும் நாம் செய்யக்கூடியவை உண்டு. நுளம்புத்திரிப் புகை, சாம்பிராணிப் புகை, சிகரெட் புகை ஆகியன இப்பிள்ளைகளுக்கு ஆகா. நுளம்புக்கு வலையே உகந்தது. தலையணை உறைகளையும் படுக்கை விரிப்புகளையும் வாரந்தோறும் சுடுநீரில் தோய்த்து வெயிலிற் காயவைத்தல் நன்று.

பிள்ளை ஒரு வசனத்தை முழுமையாகப் பேச முடியாது மூச்சு வாங்கினாலும், விலா எலும்புகளின் இடைவெளி உட்குழிந்தாலும், உதடு நீலம் பாரித்தாலும், கைமருந்து செய்து காலங்கடத்துதல் ஆபத்து. இன்ஹேலரைக் கொடுத்தவாறே, பொரளை சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கோ, அண்மையிலுள்ள வேறு வைத்தியசாலைக்கோ உடனே கொண்டுசெல்லல் வேண்டும்.

கொரோனாவுக்கான உலக அவசரநிலை 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் நீக்கப்பட்டது. எனினும் அக்கிருமி நம்மைவிட்டு நீங்கவில்லை. சாதாரண தடிமற் கிருமிகளும் இழுப்பைத் தூண்டவல்லன. தாய்மாரே, அடுத்த மழைக்காலம் வருமுன் உங்கள் பிள்ளையின் இன்ஹேலரை எடுத்துப் பாருங்கள். அதில் மருந்து இருக்கிறதா, பிள்ளை அதனைச் சரியாக உள்ளிழுக்கிறதா என்பதை வைத்தியரிடம் ஒருமுறை காட்டி அறிந்துகொள்ளுங்கள்.