கணுக்கால் உயரத்தில் ஒரு வரைபடம்

கிடங்குக்குள் ஜி.பி.எஸ். உதவாது. தகரக் கூரைக்குக் கீழே செயற்கைக்கோள் சிக்னல் ஒழுங்காக வந்து சேராது. வந்தாலும் சில மீட்டர் முன்னே பின்னே காட்டும். ரேக்குகளுக்கு நடுவே பாலட் சுமந்து போகும் வண்டி சில சென்டிமீட்டர் பிசகினாலே ரேக்கின் காலில் இடித்துவிடும். அதனால் பழைய தானியங்கி வண்டிகளுக்குத் தரையில் காந்தப் பட்டை ஒட்டி வைப்பார்கள். அந்தக் கோட்டை விட்டு அவை இறங்காது. இப்போது வருபவற்றுக்குக் கோடு தேவையில்லை. குறுக்கே ஆள் வந்தால் ஒதுங்கிச் சுற்றிப் போகின்றன. அப்படியானால், தாம் எங்கே இருக்கிறோம் என்பது அவற்றுக்கு எப்படித் தெரிகிறது?

இந்த வண்டிகளைக் கிடங்குகளில் இறக்கி, முதல் வரைபடம் போட்டுக் கொடுப்பது என் வேலை. பெரும்பாலும் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம். போகிற இடமெல்லாம் லோடிங் ஆட்கள் என்னிடம் கேட்பது இந்தக் கேள்வியைத்தான். அவர்களுக்கு நான் சொல்லும் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சக்கரத்தின் கணக்கு

வண்டியின் சக்கரத்தோடு என்கோடர் என்ற கருவி இருக்கும். சக்கரம் எவ்வளவு சுழன்றது என்று எண்ணுவது அதன் வேலை. சுழற்சியைச் சுற்றளவால் பெருக்கினால் தூரம் கிடைத்துவிடும். வலது சக்கரம் இடதைவிட அதிகம் ஓடியிருந்தால் வண்டி இடப்பக்கம் திரும்பியிருக்கிறது.

கணக்கு எளிது, ஆனால் தரை அதற்கு ஒத்துழைக்காது. எண்ணெய் சிந்திய இடத்தில் சக்கரம் வழுக்கும். ரப்பர் தேயத் தேயச் சுற்றளவு குறையும். திசையில் 1 டிகிரி தவறி 30 மீட்டர் நேராகப் போனால், வண்டி தான் இருப்பதாக எண்ணும் இடத்துக்கும் உண்மையில் இருக்கும் இடத்துக்கும் அரை மீட்டர் வித்தியாசம் வந்துவிடும். அடுத்த திருப்பத்தில் அதன்மேல் இன்னொரு பிசகு ஏறும். இவற்றைத் திருத்த, வெளியே பார்க்கும் கண் ஒன்று வேண்டும்.

அந்தக் கண் லேசர் ஸ்கேனர். ஒளி 1 நானோ விநாடியில் சுமார் 30 சென்டிமீட்டர் பயணம் செய்கிறது. 10 மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் பட்டுத் திரும்பி வர அதற்கு ஏறக்குறைய 67 நானோ விநாடி ஆகும். அந்த நேரத்தை அளந்தால் தூரம் தெரிந்துவிடும். ஸ்கேனர் விநாடிக்குப் பல முறை சுற்றிலும் இப்படி அளந்துகொண்டே இருக்கிறது.

கிடங்கு வண்டிகளில் இந்த ஸ்கேனரைப் பெரும்பாலும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில்தான் பொருத்துகிறார்கள். அந்த ஒரு மட்டத்தில் இருப்பது மட்டுமே அதற்குத் தெரியும். மேஜை என்றால் நான்கு புள்ளி. ரேக் என்றால் வரிசையாகச் சில கால்கள். ஒரு கிடங்கில் பேக்கிங் பிரிவில் இருக்கும் அக்கா ஒருவர் என்னிடம் கேட்டார்:

“தம்பி, இந்த வண்டிக்கு எங்க மொகமெல்லாம் தெரியுமா?”

“இல்லக்கா, உங்க கணுக்கால் மட்டும்தான் தெரியும்.”

கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே அடுத்ததைக் கேட்டார்: “அப்ப நான் ட்ராலிய ஓரமா விட்டுட்டுப் போனா, அத செவுருன்னு நெனச்சுக்குமா?”

இந்தத் துறையின் மிகக் கடினமான கேள்விகளில் ஒன்று அது.

சேர்ந்தே தவறினால் சேர்ந்தே திருந்தும்

வண்டியின் வரைபடம் சின்னச் சின்னக் கட்டங்களால் ஆனது. பொதுவாக ஒரு கட்டம் 5 சென்டிமீட்டர். ஒவ்வொரு கட்டத்திலும் “இங்கே பொருள் இருக்க எவ்வளவு வாய்ப்பு?” என்பதற்கான எண் ஒன்று இருக்கும். எதுவும் தெரியாத நிலையில் அது பாதிக்குப் பாதி. லேசர் அந்த இடத்தைக் கடந்து போனால் எண் குறையும். அங்கே பட்டுத் திரும்பினால் ஏறும். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் மொராவெக்கும் ஆல்பெர்டோ எல்ஃபெஸும் 1985-இல் வெளியிட்ட முறை இது. அவர்களிடம் இருந்தது மீயொலி சென்சார். அதன் ஒரு அளவை மட்டும் நம்ப முடியாது. அதனால் பல அளவுகளைச் சேர்த்து, நம்பிக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும் வழியைக் கண்டார்கள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சுவர் எங்கே என்று குறிக்க, வண்டி தன் இடத்தைத் தெரிந்திருக்க வேண்டும். தன் இடத்தைத் தெரிந்துகொள்ள, சுவர் குறித்த வரைபடம் வேண்டும். இரண்டும் கையில் இல்லாமல் எங்கிருந்து தொடங்குவது?

1980-களின் நடுவில் ராண்டால் ஸ்மித், பீட்டர் சீஸ்மேன் போன்றவர்கள் இதற்கு அடிப்படை போட்டார்கள். பிசகிய இடத்தில் நின்றுகொண்டு வண்டி இரண்டு தூண்களைப் பார்க்கிறது என்று வையுங்கள். இரண்டு தூண்களின் இடமும் வரைபடத்தில் தவறாகத்தான் விழும். ஆனால் இரண்டும் ஒரே தவறைச் சேர்ந்து செய்திருக்கும்; அவற்றுக்கு இடையிலான தூரம் ஏறக்குறைய சரியாகவே இருக்கும். ஆகவே ஒரு தூணின் உண்மையான இடம் தெரியவந்தால் மற்றதும் தானாகத் திருந்தும். தவறுகள் இப்படிப் பிணைந்திருப்பது குறையல்ல, அதுதான் தீர்வுக்கான வழி என்பது 1990-களில் தெளிவானது. வரைபடம் போடுவதையும் இடம் அறிவதையும் ஒருசேரச் செய்யும் இந்த முறைக்கு, ஹியூ டுரண்ட்-வைட் குழுவினரின் 1995-ஆம் ஆண்டுக் கட்டுரையில் ‘ஸ்லாம்’ என்ற பெயர் வந்தது.

இதை நான் லேப்டாப் திரையில் கண்ணெதிரே பார்க்கிறேன். ஜாய்ஸ்டிக்கால் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டே போவேன். திரையில் கறுப்புக் கோடுகளாகச் சுவர்கள் வளரும். கிடங்கை முக்கால் சுற்று சுற்றும்போது படம் கோணலாகியிருக்கும். லோடிங் பேயின் ஷட்டருக்குத் திரும்பி வந்தால், ஏற்கெனவே வரைந்த ஷட்டருக்குப் பக்கத்தில் இன்னொரு ஷட்டர் முளைக்கும். “முன்பு பார்த்த இடம்தான் இது” என்று மென்பொருள் கண்டுகொண்டதும், தோரணக் கயிற்றின் ஒரு முனையை இழுத்தால் மாவிலைகள் எல்லாம் நகர்வதுபோல, மொத்தப் படமும் அசைந்து நேராகிவிடும். எப்போது பார்த்தாலும் எனக்குச் சந்தோஷம் தருகிற காட்சி அது.

ஆயிரம் ஊகங்கள்

வரைபடம் முடிந்தபின் வண்டி தன் இடத்தை அறியப் பரவலாகப் பயன்படும் முறை 1999-இல் டெல்லார்ட், ஃபாக்ஸ், புர்கார்ட், த்ரன் ஆகியோர் தந்தது. வண்டி ஒரே இடத்தில் தான் இருப்பதாக முடிவு செய்வதில்லை. “இங்கே இருக்கலாம், அங்கேயும் இருக்கலாம்” என்று நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் ஊகங்களை வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு ஊகத்தையும் லேசர் காட்டுவதோடு ஒப்பிடுகிறது. பொருந்தாதவை உதிர, பொருந்துபவை பெருகுகின்றன. நகர நகர ஊகங்கள் ஒரே இடத்தில் குவியும்.

எல்லா ரேக் சந்தும் அச்சில் வார்த்ததுபோல் இருக்கும் கிடங்கில் அவை இரண்டு மூன்று கும்பலாகப் பிரிந்துவிடும். சந்தின் முனைக்கு வந்து, வேறுபட்ட ஏதாவது ஒன்றைப் பார்க்கும்வரை குழப்பம் தீராது. கண்ணாடித் தடுப்பு இன்னொரு தலைவலி. லேசர் ஊடுருவிப் போய்விடுவதால் அங்கே ஒன்றுமே இல்லை என்று வண்டி நினைக்கும். அங்கெல்லாம் முழங்காலுக்குக் கீழே ஒளி ஊடுருவாத ஸ்டிக்கர் ஒட்டச் சொல்வேன்.

அக்கா கேட்ட ட்ராலிக் கேள்விக்கு வருகிறேன். 1997-இல் ஜெர்மனியின் பான் நகரில் உள்ள டாய்ச்செஸ் மியூசியத்தில் பார்வையாளர்களுக்கு வழிகாட்டிய ரைனோ என்ற ரோபோவைக் கூட்டம் சூழ்ந்துகொண்டது. சுவர் இருக்க வேண்டிய தூரத்துக்கு முன்பாகவே லேசர் எதிலாவது பட்டுத் திரும்பினால், அது மனிதராக இருக்கலாம் என்று கொண்டு, இடம் கணிக்கும்போது அந்த அளவை ஒதுக்கிவிடும்படி அதைச் செய்திருந்தார்கள். மோதாமல் இருப்பதற்கு மட்டும் அந்த அளவு பயன்படும். அடுத்த ஆண்டு வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் ஓடிய மினர்வா, மேலே பார்க்கும் கேமராவால் கூரையையும் படித்தது. கூட்டம் கூரையை மறைக்காது அல்லவா! ஆகவே ஒரு ட்ராலியை விட்டுப் போனால் வண்டி சமாளித்துக்கொள்ளும். ஒரே இரவில் ரேக் வரிசையையே மாற்றிவிட்டால் சமாளிக்காது.

ஊகங்கள் சிதறினால் வேகத்தைக் குறை, எல்லை மீறினால் நின்றுவிடு என்று வண்டிக்கு அமைத்துக் கொடுக்கிறோம். தனக்கு எவ்வளவு தெரியவில்லை என்பதை அது அளந்து வைத்திருக்கிறது. அதன் பாதுகாப்பு அதில்தான் இருக்கிறது. ஆனால் பார்க்கிறவர்களுக்கு வண்டி மக்கர் செய்வதாகத் தோன்றும். இரண்டு பேர் சேர்ந்து தூக்கி நகர்த்துவார்கள். சக்கரம் சுழலாமலே இடம் மாறிவிட்டால் வண்டியின் கணக்கு மொத்தமும் பொய்யாகிவிடும். ‘கடத்தப்பட்ட ரோபோ’ என்றே இதற்கு ஆராய்ச்சியாளர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள்.

கிடங்கு நடத்துபவர்களிடம் நான் வற்புறுத்துவது ஒன்றுதான்: வண்டி ஓடத் தொடங்கும் முன், எல்லா ஷிப்ட் ஆட்களையும், கான்ட்ராக்ட் தொழிலாளர்கள் உட்பட, உட்காரவைத்து வரைபடத்தைக் காட்டுங்கள். அது என்ன பார்க்கிறது, ஏன் நிற்கிறது, எப்போது தொடக் கூடாது என்று தமிழில் சொல்லுங்கள். அரை மணி நேரம் போதும். எந்த மூலையில் எது மாறியது என்பது அலுவலக அறையில் இருப்பவர்களுக்கு முன்பே அவர்களுக்குத் தெரியும். ரேக் நகரும் முன்னால் ஒரு போன் போட வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்துவிட்டால், வண்டி நிற்பது குறையும். வேலை போய்விடுமோ என்ற பயத்தோடு அதைப் பார்ப்பவர்களும், அதைத் தங்கள் பொறுப்பில் ஓடும் ஒரு இயந்திரமாகப் பார்க்கத் தொடங்குவார்கள்.