களி கிண்டும் கை

இன்பம் என்றவுடன் இசையையும் ஓவியத்தையும் எண்ணுவது கற்றோர் வழக்கம். வீட்டு வேலையின் நடுவே கையும் நாவும் மூக்கும் அடைகின்ற இன்பங்களை நாம் பெரிதாக மதிப்பதில்லை. அவற்றுள் ஒன்றாகிய களியைப் பற்றி இங்கே சிறிது பேசுவோம்.

மாதேஸ்வரன் மலைக்கு அண்மையில் மார்டள்ளி என்னும் சிற்றூர் இருக்கிறது. தமிழ் பேசும் கத்தோலிக்கர் மிகுந்த ஊர் அது. அதனைச் சார்ந்த கொள்ளேகால் வட்டம் ஒரு காலத்தில் சென்னை மாகாணத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று மைசூர் மாநிலத்தோடு சேர்ந்தது. மைசூர் மாவட்டத்தைப் பிரித்து 1997-இல் அமைத்த சாமராஜநகர் மாவட்டத்தில் இப்போது அடங்குகிறது. ஆக, அன்பர்களே, நாம் பிழைப்பைத் தேடி வெளிமாநிலம் வந்தோம். அவ்வூராரோ இருந்த இடத்திலிருந்தே வெளிமாநிலத்தவர் ஆயினர்! எல்லைக்கோடு நகர்ந்தது, அடுப்பில் இருந்த பானை நகரவில்லை. தமிழர் களி என்பதைக் கன்னடர் முத்தெ என்பர். பண்டம் ஒன்றே.

களி கிண்டுவதே ஒரு தேகப்பயிற்சி. கொதிக்கும் நீரில் சிறிது நொய்யரிசி வெந்தபின், கேழ்வரகு மாவை நடுவில் குவித்துக் கொட்டுவர். உடனே கிளறலாகாது. மாவைத் துளைத்துக்கொண்டு குமிழிகள் ‘பொதக், பொதக்’ என்று வெடிக்கும் ஓசைக்குக் காத்திருத்தல் வேண்டும். பச்சை மணம் மாறி, மழை விழுந்த செம்மண்ணை ஒத்த வாசனை எழும். அப்போது மரக்கோலை இறக்கிக் கிண்டினால் முதலில் மணிக்கட்டும், பிறகு தோளும், கடைசியில் முதுகும் வேலை செய்யும். பானை சுழலாதபடி மற்றொருவர் பிடித்துக்கொள்வார். தனித்துச் செய்யும் வேலையன்று இது. பேச்சும் சிரிப்பும் கூடவே நடக்கும்.

பின்னர்க் கையைக் குளிர்ந்த நீரில் நனைத்து, கொதிக்கும் களியை உருட்ட வேண்டும். சுடுவதற்கும் சுடாததற்கும் இடைப்பட்ட அந்தக் கணத்தைச் சொல்லால் கற்பிக்க இயலாது. கண்ணால் கண்டு, கையால் பழகினால்தான் வரும்.

உண்பதிலும் ஒரு முறை உண்டு. களியை மெல்லுதல் கூடாது. கிள்ளிய துண்டைக் கீரைக் கடைசலிலோ அவரைச் சாற்றிலோ தோய்த்து விழுங்குதல் வேண்டும். தொண்டை வழியே இறங்கும் இளஞ்சூடுதான் அதன் சுவை. புதியவர் விழித்து நிற்பதைப் பார்ப்பது மற்றவர்க்கு ஒரு வேடிக்கை! மிஞ்சிய களியை நீரில் ஊறவைத்தால், மறுநாள் மோர் விட்டுக் கரைத்த கூழாகும். புளிப்பேறிய கூழும், பல்லில் நொறுங்கும் சின்ன வெங்காயமும், கோடைக்காலை உழவனுக்கு எந்தச் சர்பத்தும் ஈடில்லை என்பது எம் கட்சி.

பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த கனகதாசர், நெல்லும் கேழ்வரகும் யார் பெரியவர் என்று வழக்காடுவதாகக் கன்னடத்தில் ‘ராமதான்ய சரிதை’ பாடினார். இராமபிரான் இரண்டையும் ஆறு திங்கள் சிறையில் வைக்க, நெல் வாடியது. கேழ்வரகு கெடாமல் நின்று வென்றது. பூச்சி அரிக்காமல் பல்லாண்டு இருக்கும் தானியம் என்பதை உழவர் நன்கறிவர். நூறு கிராமில் முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்தும் உண்டு.

ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபின், தில்லிக் கடைகளிலும் மும்பைக் கடைகளிலும் கேழ்வரகு மாவுப் பொட்டலம் எளிதில் கிடைக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகள் அதைக் கஞ்சியாகவும் ரொட்டியாகவும் ரொட்டித்துண்டாகவும் அறிவர். களியாக அறிந்தவர் சிலரே. மாவு ஊர் தாண்டி வந்துவிட்டது, கைப்பழக்கம் வரவில்லை. பாட்டிமார் ஊரிலிருந்து வரும் விடுமுறை நாளில் கோலைப் பிள்ளைகள் கையில் கொடுத்துப் பாருங்கள். ஒரு பங்கு மாவுக்கு இரண்டு பங்கு நீர் போதும். அடி கனத்த பாத்திரம் நல்லது. முதல் நாள் கட்டி தட்டும். கட்டியைக் கோலால் பாத்திரத்தின் ஓரத்தில் அழுத்தி உடைத்துக்கொள்ளலாம். பாத்திரத்தைப் பிடித்துக்கொள்ள மட்டும் இன்னொருவர் வேண்டும்.