வாவிக்கு ஒரு கண்ணாடிக் காது

பறுவ இரவில் தோணி வாவி நடுவே நிற்கும். துடுப்பின் ஒரு நுனி தண்ணீருக்குள், மறுநுனி காதோரம். மட்டக்களப்பின் பாடுமீனை நம் மூத்தவர்கள் அப்படித்தான் கேட்டார்கள். நீருக்குள் எழும் ஒலியில் மிகச் சிறு பங்குதான் மேலேறிக் காற்றுக்கு வரும். மற்றதெல்லாம் நீருக்குள்ளேயே திரும்பிவிடும். அதனால் மரத்தின் வழியே கேட்டார்கள். அந்தத் துடுப்பைத்தான் வாவியின் முதல் ஒலியுணரி என்பேன்.

1848இல் இங்கு வந்த பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட், படகின் மரத்தில் காதை வைத்ததும் ஒலி பெருகியதை எழுதிவைத்தார். மீனவர்கள் அவரிடம் சொன்னது இது: ஊரி என்ற நத்தைதான் ஒலிக்கிறது, வறண்ட காலத்தில் மட்டும் கேட்கும், மழைவெள்ளம் வாவியில் நிறைந்தால் நின்றுவிடும். நூறாண்டு கழித்து, 1950களில், இயேசு சபைத் துறவி லாங் அடிகளார் ஒலிப்பதிவுக் கருவியோடு வாவியில் இறங்கினார். பாடுவது மீனா, ஊரியா? வழக்கு இன்னும் தீரவில்லை.

தீர்க்கக்கூடிய கருவி வந்துவிட்டது. வீட்டுக்கு இணையம் கொண்டுவரும் அதே பைபர் இழையை உருளையில் சுற்றித் தண்ணீரில் இறக்குகிறார்கள். ஒலி அமுக்கும்போது இழை நுண்ணளவில் நீளும், சுருங்கும். உள்ளே ஓடும் லேசர் ஒளியின் அலை அதற்கேற்ப முன்பின்னாகும். ஒலி படாத இன்னோர் இழையின் ஒளியோடு சேர்த்துப் பார்த்தால் வந்த ஒலியை மீட்டுவிடலாம். 1977இலேயே அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தார் இதைச் செய்துகாட்டினார்கள். உப்புநீருக்குள் மின்சாரமே தேவையில்லை. 2020இல் ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டில், கடலடியில் ஏற்கெனவே கிடந்த தொலைத்தொடர்புக் கேபிளையே காதாக்கித் திமிங்கிலங்களைக் கேட்டார்கள்.

சங்கடம் என்னவென்றால், இழைக்கு எல்லாமே கேட்கும். வெயிலில் நீர் சூடேறுவது, நீரோட்டம், எஞ்சின் படகு, இறாலின் சொடுக்கு எல்லாம் ஒன்றாகக் கலந்து வரும். இங்கேதான் இயந்திரக் கற்றல் கைகொடுக்கிறது. ‘இது எஞ்சின், இது இறால்’ என்று பெயரிட்ட பதிவுகளை ஏராளமாகக் கொடுத்தால், புதிதாக வரும் ஒலியையும் கணினி பிரித்தறியும். ஆனால் முதலில் யாரோ சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்கான ஆசான்கள் ஆய்வுக்கூடத்தில் இல்லை, ஆரையம்பதியில் இரவெல்லாம் தோணியில் இருப்பவர்கள்தான்.

வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தாரிடம் ஒரு வேண்டுகோள். கோடையில் ஓர் இழையை வாவியில் இறக்குங்கள். மாரி முடியும்வரை எடுக்காதீர்கள். வெள்ளம் வந்ததும் ஒலி நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். பதிவுகளுக்குப் பெயரிட ஆரையம்பதி மீனவர்களைக் கூப்பிடுங்கள். அந்த வேலைக்குக் கூலியும் கொடுங்கள்.