விளையாட்டுக்கேற்ற மடிக்கணினி: பெயரும் வலுவும்

எமது கல்லூரியின் பழைய மாணவருட் கடல் கடந்து வாழ்வோர் பலர். அவர்கள் விடுமுறைக்கு ஊர் வரும்போது மருமகனுக்கு ஒரு மடிக்கணினி கொண்டுவருதல் இக்காலத்து வழக்கமாயிற்று. பிள்ளை படிப்புக்கென்றே கேட்பான். "விளையாட்டும் ஓடினால் நல்லது, மாமா" என்பதனைக் கடைசியாக, மெல்லிய குரலிற் சொல்வான். விலையை உயர்த்துவது அந்தக் கடைசி வார்த்தையே. தமிழாசிரியர்க்கு இதில் என்ன வேலை என வினவுவார்க்கு, எம் வகுப்பில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லுதல் அமையும்.

உயர்தர வகுப்பு மாணவர் இருவர் ஒரே ஆண்டில் மடிக்கணினி பெற்றனர். ஒன்று மாமன் அனுப்பியது. மற்றது தாயார் சீட்டுக்காசு எடுத்து இங்கேயே வாங்கிக் கொடுத்தது. இரண்டன் மேலும் ஆர்.ரி.எக்ஸ். 4050 என்னும் ஒரே பெயர் ஒட்டப்பட்டிருந்தது. எனினும், ஒரே விளையாட்டு ஒன்றில் வழுக்கிக்கொண்டு ஓடிற்று. மற்றதில் தடக்கித் தடக்கி நின்றது. தடக்கியது தாயார் வாங்கியது. பழுதென்று கடைக்குக் கொண்டுபோயினர். பழுது யாதுமில்லை எனத் திருப்பிக் கொடுத்தனர். கடைக்காரர் சொன்னது பொய்யன்று. அஃது எங்ஙனம் என்பதை விளக்கவே இதனை எழுதுகின்றோம்.

கணினித் திரையிலே குறுக்காக 1920, நெடுக்காக 1080 புள்ளிகள் உள்ளன எனக் கொள்வோம். பெருக்கினால் இருபது இலட்சத்துக்கு மேல் வரும். அசைவு இயல்பாகத் தோன்றுதற்கு இப்படம் செக்கனுக்கு அறுபது முறையேனும் புதிதாக வரையப்படல் வேண்டும். ஆகவே ஒரு செக்கனிற் பன்னிரண்டு கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளுக்கு நிறமும் ஒளியும் நிழலும் கணிக்கப்பட வேண்டும். இவ்வேலைக்கென அமைந்ததே கிராபிக்ஸ் சிப். இதனைச் சில்லு என மொழிபெயர்ப்பார் உளர். எம்மூரவர்க்குச் சில்லென்றால் வண்டிச் சில்லே நினைவுக்கு வருமாதலின் யாம் சிப் என்றே எழுதுகின்றோம்.

மலிவான மடிக்கணினிகளில் இது தனியே இராது. மூளையாகிய புரொசெசரினுள்ளேயே அடங்கியிருக்கும். அதனை இகழ்தல் வேண்டா. மைன்கிராவ்ற், வலொரன்ற் போன்றவற்றுக்கு அதுவே போதும். ஆனால் அதற்குத் தனி நினைவகம் இல்லை. கணினியின் பொது நினைவகமாகிய றாமையே பங்கிட்டுக்கொள்ளும். ஆதலால் 16 ஜிகாபைற் ஒரே துண்டாக இருப்பதினும் எட்டெட்டாக இரு துண்டாக இருத்தல் நன்று. இன்ரெல் நிறுவனம் 2020இல் வெளியிட்ட ஐரிஸ் எக்ஸ்.ஈ. என்பது, றாம் ஒரு துண்டாக மாத்திரம் இருந்தால் அப்பெயரையே இழந்து, வெறும் யூ.எச்.டி. எனத் தன்னைக் காட்டும். ஆகவே, மாமன்மார் முதலிற் பிள்ளையிடம் கேட்க வேண்டியது எந்த விளையாட்டு என்பதே. விடை இவற்றுள் ஒன்றாயின் தனிச் சிப்புக்குக் காசு செலவிட வேண்டியதில்லை.

தனிச் சிப் வேண்டுமாயின், அதன் பெயரை மாத்திரம் நம்பலாகாது. மின்குமிழ் வாங்கும்போது 40 உவாற்றா, 100 உவாற்றா எனக் கேட்கின்றோம்; இரண்டும் மின்குமிழ்தானே என்று ஒருவரும் சொல்வதில்லை. கிராபிக்ஸ் சிப்பும் அத்தகையதே. என்விடியா நிறுவனத்தின் 4050 என்னும் மடிக்கணினிச் சிப்பை 35 உவாற்று முதல் 115 உவாற்று வரை எந்த மின்வலுவிலும் ஓடுமாறு கணினி செய்வோர் அமைக்கலாம். குறைந்த மின்வலுவில் அதன் வேகம் 1,605 மெகாஹேட்ஸ் அளவிலும், கூடியதில் 2,370 அளவிலும் நிற்கும். பெயரோ ஒன்றே. மெல்லிய உடலுடைய கணினியில் வெப்பத்தை வெளியேற்ற இடமில்லை. ஆதலின் வலுவைக் குறைத்து வைப்பர். தடித்ததில் விசிறியும் செப்புக் குழாயும் பெரியன. அங்கே கூட்டி வைப்பர். மேல் எல்லையை நெருங்க நெருங்க நன்மை குறைந்துகொண்டே போகும் என்பதையும் சொல்லுதல் வேண்டும்: 45க்கும் 70க்கும் இடையிலுள்ள வேறுபாடு பெரிது, 90க்கும் 115க்கும் இடையிலுள்ளது சிறிது.

முன்னர் இம்மயக்கம் இத்துணை இருந்ததில்லை. 2017 முதற் குறைந்த வலுவில் ஓடுவனவற்றின் பெயரோடு மாக்ஸ்-கியூ என்னும் அடை சேர்ந்து வந்தது. 2021இல் 30ஆம் வரிசை வந்தபோது அவ்வடை பெயரினின்றும் நீங்கிற்று. அடை நீங்கினாற் பொருள் மயங்கும் என்பதை எம்மிடம் இலக்கணம் பயின்றார் அறிவர். இன்று அந்த எண்ணை உற்பத்தியாளரின் விவரத்தாளிலே தேட வேண்டும், ரி.ஜி.பி. என்றோ, உச்ச கிராபிக்ஸ் மின்வலு என்றோ இருக்கும்.

மேசைக்கணினிப் பெயரைக் கொண்டு மடிக்கணினியை மதித்தலும் தவறு. 2022இல் வந்த 4090 மேசைக்கணினிச் சிப்பில் 16,384 கணிப்புக் கருக்கள், 24 ஜிகாபைற் நினைவகம். அது 450 உவாற்று உண்ணும். மறு ஆண்டு அதே பெயரில் வந்த மடிக்கணினிச் சிப்பிலோ 9,728 கருக்களும் 16 ஜிகாபைற்றுமே உள. இது பெயரால் அண்ணன், உடலால் தம்பி.

இனி, சிப்பின் தனி நினைவகம். 4050இல் 6 ஜிகாபைற். 4060இலும் 4070இலும் 8. 2025இல் வந்த 5060, 5070 என்னும் மடிக்கணினிச் சிப்புகளும் 8 உடனேயே வந்தன. 2024 டிசெம்பரில் வெளியான இந்தியானா ஜோன்ஸ் விளையாட்டு, குறைந்த அளவாகவே 8 கேட்கின்றது. றாமையும் சேமிப்பகத்தையும் பல கணினிகளிற் பின்னர் மாற்றலாம். கிராபிக்ஸ் சிப்போ பலகையோடு பற்றாசு வைத்து ஒட்டப்பட்டிருப்பது. ஆகையால் மிஞ்சிய காசை அதற்கே இடுக. திரை செக்கனுக்கு 144 முறை மாறுவதாயின் நன்று. விசைப்பலகையில் எரியும் வண்ண விளக்குகளால் விளையாட்டு ஓடுவதில்லை.

விமானத்திற் கொண்டுவருவோர்க்கு இரு செய்திகள். தனி அனுமதியின்றிக் கொண்டுசெல்லத்தக்க பற்றரியின் எல்லை 100 உவாற்று-மணி. பெரிய கணினிகளின் பற்றரியும் 99 அளவில் நிற்பது இதனாலேயே. சிப்புக்கு 100 உவாற்றும் மற்றையவற்றுக்கு 50 உவாற்றும் செலவாயின், அது நாற்பது நிமிடத்தில் வற்றிவிடும். அதனாற்றான் செருகியை எடுத்தவுடன் கணினி தன் வலுவைத் தானே குறைத்துக்கொள்கின்றது. 2022 மார்ச்சு இறுதியில் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டை அனுபவித்த எமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. மற்றது, சார்ஜரின் அடியில் 100–240 எனப் பொறித்திருக்கின்றதா எனப் பார்த்தல். இருப்பின் பிளக்கை மாத்திரம் மாற்றினாற் போதும்.

எம் மாணவர் இருவரின் கணினி விவரத்தாள்களையும் எடுத்துப் பார்த்தோம். மாமன் அனுப்பியது 105 உவாற்று. தாயார் வாங்கியது 45. விளையாட்டின் அமைப்பிலே நிழலையும் தூரக் காட்சியையும் குறைத்து வைக்குமாறு சொன்னோம். ஒருவாறு தடக்காமல் ஓடிற்று. பெற்றோர் தினத்தன்று அத்தாயார் எம்மிடம் வந்து, "கடையில கேட்டிருந்தால் உதைச் சொல்லியிருப்பினமோ, சேர்?" என்றார். யாம் தாளைக் காட்டினோம். அந்த எண் இரண்டாம் பக்கத்தின் அடியில், மிகச் சிறிய எழுத்தில் இருந்தது.