சவரக்கத்திக்கு ஏற்ற தீட்டுக்கல்

மடக்குச் சவரக்கத்தியைக் கையாள்வோர் இன்று மிகச் சிலரே. முடிதிருத்தும் நிலையங்களில் நோய்த் தொற்றைத் தவிர்க்கும் பொருட்டு, ஒருவருக்கு ஒருமுறை மட்டும் உபயோகித்து எறியும் அலகே பெரும்பாலும் வழக்கத்தில் இருக்கிறது. அதுவே தக்க முறையுமாகும். ஆயினும் தந்தையோ பாட்டனாரோ விட்டுச் சென்ற கத்தியைப் பெட்டியில் வைத்துப் போற்றும் அங்கத்தினர்கள் நம் சங்கங்களில் உண்டு. நம்மிடமும் ஒன்று இருக்கிறது. சோலிங்கன் என்னும் ஜெர்மானிய நகரின் பெயர் பொறித்தது. பாட்டனார் தம் ஆயுள் முழுவதும் காத்துவந்த அக்கத்தியை நாம் ஒரே மாலையில் பாழாக்கினோம்.

நடந்தது இதுதான். வீட்டில் அரிவாள்மணை தீட்டும் கல் ஒன்று இருந்தது. கல் என்றால் எல்லாம் கல்தானே என்றெண்ணி அதில் நாலு இழுப்பு இழுத்தோம். வாய் முழுவதும் ரம்பம்போல் பல் விழுந்துவிட்டது. அறுவடை அரிவாளுக்கு அத்தகைய கரட்டு வாய் தாளைப் பற்றி அறுக்க உதவும், முகத்துக்கு உதவுமா? செய்த பிழையைச் சரிசெய்ய அடுத்த பிழையைச் செய்தோம். சவரக்கத்திக்கென்றே பேர்பெற்ற பெல்ஜியம் நாட்டு மஞ்சள் கல்லை, சம்பளத்தில் கணிசமான தொகை செலவிட்டு வரவழைத்தோம்.

அக்கல்லைப்பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். ஆர்டென் மலைப்பகுதியில் வியல்சாம் என்னும் ஊரை அடுத்த நிலத்தடிப் பாறையில், நீலப் பலகைக்கல்லின் இடையே மெல்லிய மஞ்சள் அடுக்காக அது ஓடுகிறது. கோட்டிக்யூல் என்று அதற்குப் பெயர். அதன் வெட்டுந்திறன் முழுவதும் அதனுள் செறிந்துள்ள கார்னெட் என்னும் மணித்துகள்களால் வருவது. அவை கண்ணுக்குப் புலனாகாத அளவு சிறியவை, எஃகைவிடக் கடினமானவை. மஞ்சள் அடுக்கு மெலிதாகவே கிடைப்பதால், உடையாதிருக்கப் பெரும்பாலும் பலகைக்கல்லை அடியில் ஒட்டியே விற்கின்றனர். கல்லின்மீது சிறு கல்துண்டைத் தண்ணீர் விட்டு உரைத்தால் பால்போன்ற குழம்பு எழும். குழம்பு திண்ணமாயிருக்கையில் கல் விரைந்து தேய்க்கும். தண்ணீர் சேர்த்து நீர்க்கச் செய்யச் செய்யத் தேய்ப்பு குறைந்து மெருகு கூடும். ஒரே கல் இரு வேலையும் செய்வது வியப்புக்குரியதே. ஆனால் அது பூமியில் விளைந்த பொருள். ஒரு துண்டைப்போல் மற்றொரு துண்டு இராது. அதன் குணத்தை அறியவே சில மாதப் பழக்கம் வேண்டும்.

அப்பழக்கம் நமக்கு இல்லை. ஒரு மணி நேரம் தேய்த்தும் கத்தி மயிரை அறுக்காமல் பிடித்து இழுத்தது. விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்றே முடிவு கட்டினோம்.

பின்னர் ஒரு கிராமச் சங்கத்துக்குத் தணிக்கைக்காகச் சென்றிருந்தபோது, தொழிலிலிருந்து ஓய்வுபெற்ற முடிதிருத்தும் பெரியவர் ஒருவரிடம் கத்தியைக் காட்டினோம். அவர் அதன் வாயை மேல்நோக்கிப் பிடித்து, சன்னல் வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார்.

“கல்லைக் குறை சொல்லாதீங்க சார். வாய் மின்னுது பாருங்க. இன்னும் ரெண்டு பக்கமும் ஒண்ணு சேரலே” என்றார்.

செய்தி முழுவதும் அதில் அடங்கியிருந்தது. கத்தியின் இரு பக்கச் சரிவுகளும் ஒரே கோட்டில் கூடினால்தான் வாய் உண்டாகும். கூடிய வாயில் ஒளி தங்க இடமில்லை. மழுங்கிய வாய் வெள்ளிக்கம்பிபோல் மின்னும். சரிவுகளைக் கூட்டும் வேலையை 1000 எண் கொண்ட கல் செய்யவேண்டும். 4000 அல்லது 5000 எண் கல் அதன் கீறல்களைத் தணிக்கும், 8000 மழமழப்பாக்கும். இறுதி மெருகுக்கே நம் மஞ்சள் கல் போன்றவை. அடிப்படை வேலை முடியாத வாயில் மெருகுக் கல்லை எவ்வளவு தேய்த்தாலும், பாவு சரியாக ஓட்டாத தறியில் கரைக்கு ஜரிகை தேடுவது போலத்தான்.

ஆகையால் முதற்பணத்தை 1000 எண் கல்லுக்கே செலவிடுக என்பது நம் கருத்து. செயற்கைக் கல்லாயின் அதன் நுண்மை முழுவதும் ஒரே சீராக இருக்கும். புதியவர்க்கு அதுவே நலம். ஒன்று கவனிக்க: எல்லா நாட்டாரும் எண்ணை ஒரே அளவில் இடுவதில்லை. ஆகவே ஒரே நிறுவனத்தின் கற்களை வரிசையாக வாங்குதல் குழப்பத்தைத் தவிர்க்கும். கத்தி கூரிழந்தபின் ஆண்டுக்குச் சில முறையே கல்லிடும் வேலை வரும். அன்றாடத்துக்குத் தோல்வார் போதும். எனவே ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு வரிசைக் கற்களை வாங்கி வைத்துக்கொள்ளலாம். அப்பெரியவரும் தம் காலத்தில் நால்வரோடு பங்கிட்டே கல் வைத்திருந்தாராம்.

வாங்கும்போது நீளம் 8 அங்குலம், அகலம் 3 அங்குலம் அளவில் பார்ப்பது வசதி. கத்தியின் வாய் ஏறத்தாழ 3 அங்குலமாதலால் முழுவதும் ஒருசேரப் படியும். விரிசல் இருக்கலாகாது. புதுக் கல்லும் சமதளமாயிருக்கும் என்று நம்பவேண்டாம். அதன் முகத்தில் பென்சிலால் கட்டங்கள் வரைந்து, கண்ணாடித் தகட்டின்மேல் விரித்த நீர்த்தாளில் தண்ணீர் விட்டுத் தேய்த்தால், குழிந்த இடத்தில் மட்டும் கோடு அழியாது நிற்கும். எல்லாக் கோடும் அழியும்வரை தேய்க்கவேண்டும். தண்ணீருக்குரிய கல்லில் எண்ணெய் விடலாகாது; உள்ளே ஊறிய எண்ணெயை வெளியேற்றுவது எளிதன்று.

தீட்டும்போது கத்தியின் முதுகும் வாயும் கல்லில் ஒருங்கே படிந்திருக்க வேண்டும். முதுகே கோணத்தைக் காட்டித்தரும். நாம் கோணம் தேட வேண்டியதில்லை. கல்லில் வாய் முன்செல்லும், வாரில் முதுகு முன்செல்லும். இதை மாற்றிச் செய்து வாரை அறுத்துக்கொண்டோர் பலர். கை அழுத்தம் கத்தியின் எடையளவே போதும்.

பெரியவர் சொன்னவாறு 1000 எண் கல்லிலிருந்து தொடங்கி நான்கு மாலைகள் உழைத்தோம். கத்தி இப்போது முகத்தில் ஓசையின்றிச் செல்கிறது. வேலை முடிந்ததும் துடைத்து, தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி தடவி வைக்கிறோம். நுனியருகே நாம் உண்டாக்கிய பற்களில் ஒன்று மட்டும் இன்னும் இருக்கிறது. அதைப் போக்கினால் எஃகு அநியாயமாய்க் குறையுமென்று பெரியவர் தடுத்துவிட்டார். அவ்விடம் கன்னத்தில் படாதவாறு சற்று விலக்கியே சவரம் செய்துகொள்கிறோம்.