நனைந்த நாயின் நான்கு நொடிகள்

ஐப்பசியில் மழை பிடித்தால் தை பிறக்கும்வரை நாயை வெளியே கூட்டிப்போக முடியவில்லை, நனைந்தால் அதற்குச் சளி பிடித்துவிடும் என்கிறார்களே, உண்மையா என்று செந்துறைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். மூன்று மாதம் திண்ணையோரம் கட்டிக்கிடக்கும் நாய்க்காக ஒருவர் கவலைப்பட்டு எழுதியதே எனக்கு மகிழ்ச்சி. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாராளமாகக் கூட்டிப்போங்கள்.

சித்திரை வெயிலில் பெரம்பலூர்த் தார்ச்சாலையில் நாய் நடப்பதுதான் கொடுமை. நம்மைப்போல் அதற்கு உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். நாயின் உடம்புக்கு அதிகச் சிரமம் இல்லாத வெப்பநிலை ஏறத்தாழ 20 முதல் 30 டிகிரி. மார்கழி, தை மாதங்களில் நம் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் இரண்டிலும் விடியற்காலையில் 20 டிகிரியை ஒட்டி இறங்கும், சில நாள் அதற்கும் சற்றுக் கீழே போகும். ஆகவே நாய்க்கு உகந்த பருவமே இதுதான். ஈர மண்ணில் மணமும் நன்றாகத் தங்கும். வழியில் நின்று நின்று மோந்துபார்ப்பதில் அதற்கு இருக்கும் ஆனந்தத்தை நாயோடு நடந்தவர்கள் அறிவார்கள்.

குளிரைவிட ஈரத்துக்குத்தான் பயப்பட வேண்டும். காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டைக் கடத்தும். முடிகளுக்கிடையே இருந்த காற்றை விரட்டிவிட்டு நீர் அங்கே உட்கார்ந்துகொண்டால், போர்வையே எதிரியாகிவிடும். 27 கிலோ எடையுள்ள ஒரு நாய் நன்றாக நனைந்தால் அதன் முடியில் ஏறத்தாழ அரை லிட்டர் நீர் தங்கும். அதை முழுக்க உடம்புச் சூட்டாலேயே உலர்த்துவதானால் 290 கிலோகலோரிக்குக் குறையாமல் செலவாகும். அந்த நாய் ஒருநாள் தின்னும் தீனியில் ஐந்தில் ஒரு பங்கு இதற்கே போய்விடும். வாடைக்காற்றில் நனைந்து நிற்கும் காட்டு விலங்குக்கு இது உயிர்ப்பிரச்சினை.

அதனால்தான் நாய் சிலுப்புகிறது. நான்கு நொடிகளில் முடியிலிருக்கும் நீரில் ஏறத்தாழ 70 சதவீதத்தை வீசியெறிந்துவிடுகிறது. நம் சட்டையெல்லாம் சேறாகும் அந்த நான்கு நொடிகளை நான் பார்த்துச் சலித்ததே இல்லை.

மோர் கடையும் மத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தூணோடு பிணைத்த பெரிய மத்து. கடைகயிற்றின் இரு முனைகளையும் மாற்றி மாற்றி இழுக்கிறோம். அது ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டிருப்பதில்லை, ஒரு பக்கம் திரும்பி, ஒரு கணம் நின்று, மறுபக்கம் திரும்பும். நாயின் முதுகெலும்பும் அப்படித்தான் திரும்புகிறது. ஆனால் எலும்புக்கு எல்லை உண்டு. பக்கத்துக்கு 30 டிகிரிக்கு மேல் அது முறுகாது. இப்போது அந்த மத்தின் தண்டில் ஈரத்துண்டு ஒன்றைத் தொளதொளவென்று சுற்றிவிட்டுக் கயிற்றை இழுத்துப்பாருங்கள். தண்டு நின்று திரும்பும் கணத்தில் துண்டு நிற்காது. வந்த வேகத்திலேயே இன்னும் கொஞ்சம் சுற்றிப்போய், அதன்பிறகே இழுபட்டுத் திரும்பும். நாயின் தோல்தான் அந்தத் துண்டு. எலும்பு 30 டிகிரி திரும்பினால் தோல் 90 டிகிரிவரை போகிறது.

மூன்று மடங்குதானே என்று தோன்றும். நீரை வெளியே தள்ளும் விசையோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் மூன்று மடங்கானால் விசை ஒன்பது மடங்கு. நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். உடம்பின் ஆரம் 10 சென்டிமீட்டர், நொடிக்கு நாலரைச் சிலுப்பல் என்று வைத்துக்கொண்டால், எலும்போடு இறுக ஒட்டிய தோலில் இருக்கும் துளி புவியீர்ப்பைப்போல் இரண்டு மடங்கு இழுப்பைத்தான் உணரும். தளர்ந்த தோலில் அது இருபது மடங்காகிறது. துளியை முடியோடு பிடித்துவைத்திருக்கும் பரப்பு இழுவிசை முதலாவதற்கு அசைந்துகொடுக்காமல் இருக்கலாம், இரண்டாவதற்கு அறுந்துவிடும். கழுத்தைக் கையில் பிடித்தால் கொத்தாக வருகிறதே, அந்தத் தளர்வு கடிபடும்போது தப்பிக்க மட்டும் உதவுவதில்லை, உலரவும் உதவுகிறது. இத்தனை வேகத்தில் கண்ணுக்குக் கேடு வராமலிருக்க, சிலுப்பும்போது நாய் கண்ணை இறுக மூடிக்கொள்கிறது.

மத்தை இன்னும் விடப்போவதில்லை. பானை நிறைய மோருக்கான பெரிய மத்தை நிதானமாக இழுத்தால் போதும், ஓரத்தில் மோர் சிதறும். ஒரு சொம்பு மோருக்கு உள்ளங்கைகளுக்கிடையே உருட்டும் சின்ன மத்தை விறுவிறுவென்று உருட்டினால்தான் நுரை எழும். ஆரம் குறைந்தால் அதே விசைக்கு வேகம் கூட வேண்டும். ஆரம் கால்பங்கானால் வேகம் இரண்டு மடங்காக வேண்டும். விலங்குகளும் ஏறத்தாழ இதே போக்கில்தான் சிலுப்புகின்றன, சின்ன விலங்குகள் இந்தக் கணக்கைவிடச் சற்று வேகமாகவே. கரடி நொடிக்கு நாலு முறை சிலுப்பினால் போதும். லாப்ரடார் நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே. எலி 18 முறை. சுண்டெலி ஏறக்குறைய 30 முறை. கடைந்து முடித்த மத்தில் எவ்வளவு உதறினாலும் போகாத வெண்ணெய் கொஞ்சம் ஒட்டியிருக்கும், விரலால்தான் வழிக்க வேண்டும். நாயின் தோலிலும் மெல்லிய நீர்ப்படலமாக மீதி 30 சதவீதம் அப்படித்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இதையெல்லாம் அளந்தவர்கள் அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்து ஆண்ட்ரூ டிக்கர்சனும் டேவிட் ஹூவும் அவர்களுடைய குழுவினரும். 16 இன விலங்குகளை நனைத்து, அதிவேக ஒளிப்படக் கருவியில் பதிந்து, 2012இல் கட்டுரை வெளியிட்டார்கள். அதற்கு முன்பும் 1970களிலேயே மருந்தியல் கூடங்களில் எலிகளின் சிலுப்பலை எண்ணிக்கொண்டிருந்தார்கள். மார்பின் பழக்கம் விடுபடும் எலி அடிக்கடி சிலுப்பும் என்பதால் அது ஓர் அளவுகோலாக இருந்தது. வரலாறு இவ்வளவு போதும்.

2012 கட்டுரை வந்ததும், செவ்வாய்க் கோளில் ஊரும் வண்டிகள் நாயைப்போல் தூசியைச் சிலுப்பிக்கொள்ளப்போகின்றன என்று செய்திகள் பறந்தன. தொளதொளத்த தோலின் பெருமையை அறிய செவ்வாய்வரை போக வேண்டியதில்லை. 2024 நவம்பரில் இன்னொரு அலை. நாய் ஏன் சிலுப்புகிறது என்ற மர்மம் அவிழ்ந்தது என்று தலைப்புகள் போட்டார்கள். ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் டேவிட் ஜின்டியின் குழு செய்த ஆய்வு அருமையானது, ஆனால் அவர்கள் ஆராய்ந்தது சுண்டெலியை. சுண்டெலியின் பிடரியில் எண்ணெய்த் துளி விட்டால் அது சிலுப்புகிறது. முடிவேர்களைச் சுற்றிப் படர்ந்த ஒருவகை மெல்லிய தொடுநரம்பு அந்தத் துளியை உணர்ந்து தண்டுவடம் வழியே மூளைக்குச் சொல்கிறது. அந்த நரம்புகளை மரபணு வழியில் நீக்கியபோது சிலுப்பல் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. நாக்கும் பல்லும் எட்டாத இடம் பிடரி. அங்கே ஊரும் பூச்சியையோ நீரையோ உதற இப்படி ஒரு கம்பி ஓடுவது எவ்வளவு பொருத்தம்! நாய்க்கும் அதே ஏற்பாடுதான் இருக்கும் என்று கொள்வது நியாயம். ஆனாலும் நாயில் நிரூபித்தாயிற்று என்று எழுதுவது சரியல்ல.

மழைக்கோட்டு விற்பவர்களின் விளம்பரங்களிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. உடம்போடு இறுகிய துணிக்கோட்டு நனைந்துவிட்டால் ஈரத்தைத் தோலோடு சேர்த்துப் பிடித்துவைக்கும், சிலுப்ப வேண்டிய தோலையும் கட்டிப்போட்டுவிடும். நாட்டு நாய்க்கும் ராஜபாளையம், சிப்பிப்பாறைக்கும் முடி குட்டை. நீர் அதிகம் தங்காது, சீக்கிரம் உலரும். அதே குட்டை முடியால் கதகதப்பும் குறைவு என்பதால், ஒல்லியான சிப்பிப்பாறையை வாடையில் நனைந்தபடி வெகுநேரம் நிற்கவிடாதீர்கள். சளி என்பது கிருமியால் வருவது, தூறலால் வருவதில்லை.

நடக்கும் இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பெரம்பலூர்க் கரிசல் மழையில் பிசினாகி, விரல்களுக்கிடையே உருண்டையாகத் திரளும். சிலுப்பும்போது பாதம் தரையில் ஊன்றியிருப்பதால் இந்தச் சேறு உதறலில் போகாது, தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். காரை, குளக்காநத்தம் பக்கத்து ஓடைச்சரிவுகள் கிரிட்டேசியஸ் காலக் கடலடியில் படிந்த களிமண். அம்மோனைட் புதைபடிவங்களுக்குப் பேர்போன அந்த இடம் மழையில் வழுக்குநிலம், நாயோடு கோடையிலேயே போய்க்கொள்ளலாம். அரியலூரில் சுண்ணாம்புக்கல் தோண்டிய பள்ளங்களில் நீர் நிற்கும். செங்குத்துக் கரையில் இறங்கிய நாயால் ஏற முடியாது. மார்கழிப் பனிமூட்டத்தில் சிமென்ட் ஆலை லாரிகள் ஓடும் சாலையில் கயிற்றைக் கையிலிருந்து விடவே கூடாது. ராம்சர் ஈரநிலப் பட்டியலில் உள்ள கரைவெட்டி ஏரிக்கரைக்கு நாயைத் தயவுசெய்து கூட்டிப்போகாதீர்கள். வெகுதூரம் பறந்துவந்து இளைப்பாறும் வாத்துகளுக்கு நாய் என்றால் ஓநாயின் உறவுதான். எனக்குப் பிடித்தது ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்து முந்திரிக்காட்டுச் செம்மண் தடம். நீர் வடிந்துவிடும், கால் புதையாது, இலைமேல் மழை விழும் ஓசையில் நாயும் காதைத் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டே வரும்.

தேங்கிய நீரைக் குடிக்கவிடாதீர்கள். எலியின் சிறுநீரால் அதில் லெப்டோஸ்பைரா கிருமி இருக்கலாம், அது மனிதர்களுக்கும் பரவும். ஆண்டுக்கொரு முறை தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீடு திரும்பியதும் துண்டோடு பாய்ந்துவிடாமல் வாசலில் சற்று விலகி நில்லுங்கள். இரண்டு மூன்று முறை அது சிலுப்பி முடிக்கட்டும், துண்டின் வேலை அதன்பிறகுதான். முதுகு பெரும்பாலும் உலர்ந்திருக்கும். அடிவயிறு, தொடையிடுக்கு, விரலிடுக்கு ஆகியவற்றை ஒற்றி எடுங்கள். தொங்குகாது நாயாக இருந்தால் காதுமடலைத் தூக்கி உட்புறத்தையும் துடைத்துவிட்டு, அப்படியே கையோடு உண்ணி ஏறியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.